ஏர்பேக் விளக்கு எரிந்தால் முதலில் எண்ணைக் கேளுங்கள்

தீபாவளிக்கு ஊருக்குப் போகுமுன் காரை உள்ளே சுத்தம் செய்யக் கொடுத்திருந்தேன். சீட்டையெல்லாம் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, ஷாம்பு போட்டு வெயிலில் காயவைத்துத் திருப்பித் தந்தார்கள். கார் பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில்தான் கவனித்தேன். ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில், மடியில் பெரிய பந்தை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பது போன்ற அந்தச் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அட்வைசர் கதவைத் திறந்து, குனிந்து ஒரு பார்வை பார்த்தார். "சார், இது ஏர்பேக் லைட். மாட்யூல் போயிருக்கும். மாத்திடலாம். எஸ்டிமேட் போட்டுடட்டுமா?" ஸ்கேனரை மாட்டிப் பார்க்கவே இல்லை. எஸ்டிமேட்டில் வந்த தொகை என் ஒரு மாத வீட்டு வாடகையைத் தாண்டியது. யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

எங்கள் பகுதியில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார். டேப்லெட் போன்ற ஒரு ஸ்கேனரைக் கொண்டுவந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் சொருகினார். "அண்ணே, பாசஞ்சர் சீட் பெல்ட் சர்க்யூட் ஓப்பன்னு காட்டுது. ஆனா இப்போ பழுது இல்ல, பழைய பதிவுதான். சீட்டு ஏதும் கழட்டுனீங்களா?" என்றார். அப்போதுதான் விஷயம் விளங்கியது. சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டரைப் பிடுங்கி வைத்திருந்த நேரத்தில், காரை நிழலுக்கு நகர்த்த யாரோ சாவியைத் திருப்பியிருக்கிறார்கள். கனெக்டரைத் திரும்ப மாட்டியாயிற்று. ஆனால் அந்த ஒரு நிமிடத்துப் பதிவு காரின் நினைவில் தங்கிவிட்டது. கனெக்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் பதிவை அழித்தார். கூலி 500 ரூபாய். விளக்கு அதன்பிறகு வரவில்லை.

இதைக் கேட்ட மேல்வீட்டுக்காரர் தன் காரையும் அவரிடம் கொண்டுபோனார். "லைட்டை மட்டும் அணைச்சு விடுப்பா" என்றார். "அணைக்கலாம் சார், ஆனா திரும்ப வரும்" என்று அவர் சொல்லியும் கேட்கவில்லை. மூன்று முறை அணைத்தார்கள், மூன்று முறையும் திரும்ப வந்தது. ஹாரன் இரண்டு மாதமாக விட்டுவிட்டு அடிப்பதை மேல்வீட்டுக்காரர் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங் அறுந்திருந்தது. அதை மாற்றிய பிறகுதான் விளக்கு அணைந்தது. அந்த இரண்டு மாதமும் அவர் தன் பக்க ஏர்பேக்கை நம்ப முடியாத காரைத்தான் ஓட்டியிருக்கிறார்.

இரண்டு காரிலும் எரிந்தது ஒரே விளக்குதான். ஒன்றில் அழித்தாலே போதும், மற்றதில் அழித்தது வீண். எது எந்த வகை என்று விளக்கைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஸ்கேனர் காட்டும் எண்தான் சொல்லும். மெக்கானிக்குகள் எரர் கோட் என்பார்கள். இங்கே பழுது எண் என்று வைத்துக்கொள்வோம்.

விளக்குக்குப் பின்னால் நடப்பது

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது. 2022 தொடக்கத்துக்குள் முன்சீட்டில் பக்கத்தில் உட்காருபவருக்கும் கட்டாயமாகிவிட்டது. முன்பு விலை கூடிய மாடல்களில் மட்டும் இருந்த இந்த விளக்கு இப்போது சின்ன கார்களிலும் இருக்கிறது. அந்தக் கார்களில் பல, வாரன்ட்டி முடியும் வயதுக்கு வந்துவிட்டன. 'ரீசெட் பண்ணலாமா, டீலரிடம் போகலாமா' என்ற கேள்வி அடிக்கடி காதில் விழுவது அதனால்தான்.

சாவியைத் திருப்பியதும் இந்த விளக்கு சில நொடிகள் எரிந்து, பிறகு அணைய வேண்டும். பல கார்களில் இது ஆறு நொடி அளவு. அந்த நேரத்தில், ஏர்பேக்குகளைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான ஏர்பேக் மாட்யூல் தன் கீழ் உள்ள ஒவ்வொரு சுற்றையும் சோதித்துப் பார்க்கிறது. ஓடும்போதும் அந்தச் சோதனை நிற்பதில்லை.

ஒவ்வொரு ஏர்பேக்குக்கும் பின்னால் ஒரு சின்ன உலோகக் குடுவை இருக்கிறது. அதற்குள் வாயுவை உண்டாக்கும் வேதிப்பொருளும், அதைப் பற்றவைக்கும் மெல்லிய கம்பியும் இருக்கும். அந்தக் கம்பியின் மின்தடை சுமார் 2 ஓம். மாட்யூல் மிகச் சிறிய மின்னோட்டத்தை அதன் வழியே அனுப்பி அந்த 2 ஓம் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வயர் அறுந்தால் தடை எகிறும், இரண்டு வயர் ஒட்டிக்கொண்டால் தடை விழும். எதுவானாலும் மாட்யூல் ஒரு பழுது எண்ணைப் பதிந்துவிட்டு விளக்கை ஏற்றும். மோதல் நடந்தால் அதே கம்பிக்கு ஓர் ஆம்பியருக்குச் சற்று மேலான மின்னோட்டம், ஒரு நொடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கு நேரம் போனால் போதும். நாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் பை விரிந்து முடிந்திருக்கும்.

விளக்கின் பெயர்தான் ஏர்பேக் விளக்கு. மோதும் நொடியில் பெல்ட்டைப் பின்னுக்கு இழுத்து உடம்போடு இறுக்கும் ப்ரீடென்ஷனர், பெல்ட் பக்கிள், முன்பக்க மோதல் சென்சார்கள், சில கார்களில் சீட்டில் ஆள் இருப்பதை உணரும் சென்சார் எல்லாம் இதே மாட்யூலின் கீழ்தான் வருகின்றன. இவற்றில் எது கெட்டாலும் எரிவது இதே விளக்குதான்.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் அந்தச் சுற்று வேலை செய்யாது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சில கார்களில் ஒரு சுற்றில் பழுது என்றால் மொத்த ஏற்பாட்டையுமே மாட்யூல் நிறுத்திவைக்கும். கார் எப்போதும் போல ஓடும், பிரேக் பிடிக்கும், மைலேஜும் குறையாது. அதனால்தான் பலர் மாதக்கணக்கில் இதைக் கண்டுகொள்வதில்லை.

எங்கே கோளாறு வரும்

அதிகம் மாட்டுவது சீட்டுக்கு அடியில் இருக்கும் கனெக்டர். ஏர்பேக் சார்ந்த வயர்களும் கனெக்டர்களும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். தெரியாமல் யாரும் கை வைக்கக் கூடாது என்பதற்காகவே அந்த நிறம். சீட்டை முன்னும் பின்னும் தள்ளும்போது வயர் இழுபடும். அடியில் திணித்த குடையும் தண்ணீர் பாட்டிலும் கனெக்டரைத் தட்டிவிடும். வாக்குவம் குழாய் இடிப்பதும் உண்டு.

அடுத்தது கிளாக் ஸ்பிரிங். ஸ்டீயரிங் சுற்றும்போது அதற்குள் இருக்கும் ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் வயர் முறுக்கிக்கொள்ளாமல் மின்சாரம் போக வேண்டும். அதற்காக நாடா போன்ற கேபிளைச் சுருட்டி ஒரு வட்டப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். வருடக்கணக்கில் சுற்றிச் சுற்றி அது விரிசல் விடும். ஏர்பேக் விளக்கோடு ஹாரனும் மக்கர் செய்தால், அல்லது ஸ்டீயரிங்கில் இருக்கும் ஆடியோ பட்டன்கள் வேலை செய்யாவிட்டால், முதல் சந்தேகம் இதன் மேல்தான். ஸ்கேனர் இல்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இது.

பக்கிளுக்குள் விழுந்த நாணயம், வேர்க்கடலைத் தோல், பிஸ்கட் தூள் ஆகியவையும் காரணமாகலாம். பேட்டரி மிகவும் இறங்கிய நிலையில் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தால், மின்னழுத்தம் குறைந்ததே ஒரு பழுதாகப் பதிவாகலாம். அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் நிற்கும் கார்களில் எலி கடித்த வயருக்கும் இதில் பங்கு உண்டு.

சென்னைவாசிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது தண்ணீர். பல கார்களில் ஏர்பேக் மாட்யூல் கியர் லிவருக்குக் கீழே, தரையோடு ஒட்டி இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சீட் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறிய கார்களில் இந்தப் பெட்டியும் மஞ்சள் கனெக்டர்களும் முதலில் நனைந்திருக்கும். இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை என்று நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்பார்கள். கனெக்டரின் பின்களில் பச்சை பூத்து, சில மாதம் கழித்து விளக்கு எரியும். அங்கே பதிவை அழிப்பதால் எந்தப் பயனும் இல்லை.

ரீசெட் செய்தால் என்ன ஆகிறது

ரீசெட் என்பது மாட்யூலின் நினைவில் இருக்கும் பதிவை அழிப்பது மட்டும். அழித்த அடுத்த நொடியே மாட்யூல் மறுபடி சோதிக்கும். பழுது இப்போதும் இருந்தால் விளக்கு உடனேயோ, காரை நாலு குழியில் இறக்கி ஏற்றிய பிறகோ திரும்ப எரியும். பழுது நீங்கி, பதிவு மட்டும் மிச்சமிருந்தால் விளக்கு அணைந்தே இருக்கும். ஸ்கேனர் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும். தற்போதைய பழுதை ஒரு சொல்லாலும், பழைய பதிவை 'ஹிஸ்டரி' அல்லது 'ஸ்டோர்டு' போன்ற சொல்லாலும் குறிக்கும்.

பேட்டரி டெர்மினலைக் கழற்றி அரை மணி நேரம் விட்டால் விளக்கு அணைந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலான கார்களில் அணையாது. மின்சாரம் போனாலும் அழியாத நினைவில்தான் இந்தப் பதிவு இருக்கிறது. ரேடியோவும் கடிகாரமும்தான் ரீசெட் ஆகும்.

போனோடு புளூடூத்தில் இணையும் மலிவான ஓபிடி கருவிகளை இப்போது பலர் வைத்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை இன்ஜின் பழுதுகளை மட்டுமே படிக்கும். ஏர்பேக் மாட்யூலோடு அவற்றுக்குப் பேசத் தெரியாது. 'பழுது எதுவும் இல்லை' என்று அது காட்டினால், அது தனக்குத் தெரிந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்கிறது. ஏர்பேக்கைப் படிக்க எஸ்ஆர்எஸ் (ஏர்பேக் ஏற்பாட்டுக்கான பெயர்) வசதி உள்ள ஸ்கேனர், அதுவும் உங்கள் கார் கம்பெனிக்குப் பொருந்துவது வேண்டும்.

சில பழைய கார்களில் ஸ்கேனர் இல்லாத வழிகளும் உண்டு. சில ஹோண்டா கார்களில் நினைவை அழிப்பதற்கென்றே இரண்டு பின் கொண்ட ஒரு கனெக்டர் இருந்தது. சில நிஸ்ஸான் கார்களில் விளக்கு அணையும் கணத்தைப் பார்த்துச் சாவியைக் கணக்காகப் போட்டு எடுத்தால் பதிவு போகும். இவை பழுதை நீக்கிய பிறகு செய்வதற்காக மெக்கானிக்குகளுக்கு வைத்த வழிகள். எண் தெரியாமல் அவற்றைச் செய்தால், பழுதைக் கண்டுபிடிக்கக் கிடைத்த ஒரே தடயத்தை நாமே அழித்தவர்களாவோம்.

வீட்டில் எதுவரை செய்யலாம்

பக்கிளுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கலாம். ஹாரனைச் சோதிக்கலாம். பேட்டரியின் மின்னழுத்தத்தைப் பார்க்கலாம். சீட்டுக்கு அடியில் எதையும் தொடாமல், வயர் தொங்குகிறதா, எலி கடித்த அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கலாம். அங்கே திணித்துவைத்த சாமான்களை எடுத்துவிடலாம். அவ்வளவுதான்.

மஞ்சள் கனெக்டரைத் தொட வேண்டுமென்றால் முதலில் இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, கார் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும். மோதலில் பேட்டரியே துண்டிக்கப்பட்டாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காக மாட்யூலுக்குள் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் கெப்பாசிட்டர் இருக்கிறது. அது வடிய சில நிமிடங்கள் ஆகும். கனெக்டர் பிரிந்திருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பக் கூடாது. என் காரில் நடந்தது அதுதான்.

மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து ஏர்பேக்கை நேரடியாக அளக்கக் கூடாது. மீட்டர் அனுப்பும் மின்னோட்டத்தில் பை விரியும் அபாயம் உண்டு. வொர்க்‌ஷாப்பில் ஏர்பேக்குக்குப் பதிலாக 2 ஓம் அளவுள்ள சோதனைக் கருவியை மாட்டித்தான் வயரை அளப்பார்கள். ஸ்டீயரிங்கைக் கழற்றும் வேலை எதுவானாலும் பழகியவரிடம் விட்டுவிடுங்கள். கையில் ஏந்திய ஏர்பேக் முகத்துக்கு நேராக விரிந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

எப்போது வெளிக் கடை, எப்போது டீலர்

எண்ணைப் படிப்பது, பதிவை அழிப்பது, பழுதைச் சரிசெய்வது என்று இதில் மூன்று வேலைகள் இருக்கின்றன. பில்லில் மூன்றும் ஒன்றாகக் கலந்து ஒரே தொகையாக வருவதால்தான் குழப்பம். தனித்தனியாகக் கேளுங்கள். முதல் வேலைக்கு மட்டும் காசு கொடுங்கள். உடம்புக்கு முடியாமல் போனால் முதலில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, பிறகு எந்த டாக்டர் என்று முடிவு செய்வதைப் போலத்தான்.

பழைய பதிவு என்றால், காரணமும் தெரிந்தால், நம்பகமான வெளிக் கடையில் அழித்துக்கொள்ளலாம். கனெக்டர், பக்கிள், எலி கடித்த வயர் போன்றவற்றை ஏர்பேக் வேலை தெரிந்த எலக்ட்ரீஷியன் சரிசெய்வார். கிளாக் ஸ்பிரிங்கை வெளியில் மாற்றலாம், ஆனால் பாகம் ஒரிஜினலாக இருக்க வேண்டும். மாற்றும்போது அதை நடுவில் சரியாக நிறுத்தாமல் பொருத்தினால், ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும் முதல் நாளே புதுசும் அறுந்துவிடும்.

மாட்யூல், ஏர்பேக், ப்ரீடென்ஷனர் என்றால் டீலரிடமே போங்கள். புது மாட்யூலை அந்தக் காருக்கென்று பதிவு செய்ய கம்பெனி மென்பொருள் தேவைப்படும். ஒருமுறை விபத்தில் ஏர்பேக் விரிந்துவிட்டால், அந்த மோதலின் தகவல் மாட்யூலில் பூட்டிக்கொண்டுவிடும். சாதாரண ரீசெட்டில் அது போகாது. விரிந்த பைகளையும் இறுகிய பெல்ட்டுகளையும் மாற்ற வேண்டும். மாட்யூல், சென்சார்களைப் பற்றிக் கம்பெனி கையேடு என்ன சொல்கிறதோ அதன்படி செய்ய வேண்டும்.

காசு மிச்சம் பிடிக்க, பழைய கார் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போகலாமே என்று தோன்றும். கதவு, பம்பர், கண்ணாடி வாங்கப் போகலாம். ஏர்பேக்கும் சீட் பெல்ட்டும் அங்கே வாங்கக் கூடாதவை. எந்தக் காரிலிருந்து வந்தது, தண்ணீரில் மூழ்கியதா, விபத்தில் அடிபட்டதா என்று விற்பவருக்கே தெரியாது. வேலை செய்கிறதா என்று வெடிக்கவைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

வாரன்ட்டி இருந்தால் வெளியில் எங்கும் தொடவே விடாதீர்கள். வாரன்ட்டி முடிந்திருந்தாலும் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். சேஸிஸ் நம்பரைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டு ரீகால் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். ரீகாலில் வேலை இலவசம். 2014-இல் டொயோட்டா உலகெங்கும் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்ததற்கு ஒரு காரணம் இந்த கிளாக் ஸ்பிரிங் கேபிள்தான். இந்தியாவில் ஓடிய இன்னோவாக்களும் அதில் இருந்தன. 2023 ஜனவரியில் மாருதி சுசூகி ஏர்பேக் மாட்யூலைச் சோதித்து மாற்ற 17,362 கார்களைத் திரும்ப அழைத்தது. மாற்றும்வரை ஓட்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. அப்படிப்பட்ட காருக்குச் சொந்தக்காரர் விஷயம் தெரியாமல் வெளியில் ரீசெட் செய்து திருப்தியாக இருந்திருந்தால், இலவசமாகக் கிடைக்க வேண்டிய பாகத்தைக் கைவிட்டிருப்பார்.

ரீகாலைப் பார்க்க விளக்கு எரியும்வரை காத்திருக்கவும் கூடாது. டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த ஏர்பேக்குகளில் வாயுவுக்கு அம்மோனியம் நைட்ரேட் பயன்படுத்தினார்கள். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் வருடங்கள் போகப் போக அது சிதைந்து, வெடிக்கும்போது உலோகக் குடுவையே சிதறி முகத்தில் பாய்ந்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் ஏர்பேக்குகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017-இல் அந்த நிறுவனம் திவாலானது. இந்தியாவிலும் பல கார்களுக்கு இந்த ரீகால் வந்தது. அந்த ஏர்பேக்குகளில் மின்தடை சரியாகவே இருந்ததால் விளக்கு எரியவே இல்லை. கடலோரத்துப் புழுக்கத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒருமுறையாவது சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

பழைய கார் வாங்குகிறீர்களா

விற்பவர் காரை ஸ்டார்ட் செய்தே வைத்திருந்தால் அணைக்கச் சொல்லுங்கள். நீங்களே சாவியைத் திருப்புங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து, பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம். இன்ஜின் விளக்கோடு சேர்ந்து அதே கணத்தில் அணைந்தால், ஏர்பேக் விளக்கின் வயரை இன்ஜின் விளக்கோடு இணைத்திருக்கலாம்.

இதைவிட நுட்பமான ஏமாற்று ஒன்று உண்டு. விபத்தில் விரிந்த ஏர்பேக்குக்குப் பதிலாகப் புதியது போடாமல், அந்த இடத்தில் 2 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகிவிடுவார்கள். சில ரூபாய்ப் பொருள். மாட்யூல் 2 ஓம் இருக்கிறது என்று நம்பிவிடும். விளக்கு ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணையும். ஸ்டீயரிங் மூடிக்குப் பின்னால் பை இருக்காது. மூடியின் நிறமோ விளிம்பின் இடைவெளியோ மாறுபட்டிருக்கிறதா, டேஷ்போர்டில் ஒட்டுப்போட்ட தடம் இருக்கிறதா, பெல்ட்டில் இருக்கும் தயாரிப்புத் தேதி காரின் வயதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் டீலரிடம் காசு கொடுத்துச் சோதிப்பதற்கு இதைவிடச் சரியான தருணம் கிடையாது.

கடைக்குப் போகும்போது

"லைட்டை அணைத்துக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். "என்ன எண் காட்டுகிறது, இப்போதைய பழுதா பழைய பதிவா?" என்று கேளுங்கள். அழிப்பதற்கு முன் ஸ்கேனர் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டீலரிடம் விட்டால் அந்த எண்ணை ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். மாட்யூல் மாற்ற வேண்டும் என்றால், வயரையும் கனெக்டரையும் சோதித்தாயிற்றா என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். ஏர்பேக்காக இருந்தால் மட்டும் வாங்காதீர்கள், வெடிக்காத ஏர்பேக் வீட்டில் வைக்கும் பொருளல்ல. எண்ணைக் கேட்டுவிட்டு வருபவரிடம் யாரும் ஒரு பார்வையில் மாட்யூலை விற்க மாட்டார்கள்.

சரிசெய்யும்வரை பெல்ட்டைக் கட்டாயம் போடுங்கள். ப்ரீடென்ஷனர் வேலை செய்யாவிட்டாலும் பெல்ட் வழக்கம்போல் பூட்டிக்கொள்ளும். நெடுஞ்சாலைப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

என் காரில் அன்று எடுத்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் தேதியோடு எழுதி ஆர்சி புக் உறைக்குள் வைத்திருக்கிறேன். மறுபடி எப்போதாவது விளக்கு எரிந்தால் முதலில் அந்தச் சீட்டைத்தான் எடுப்பேன். அதே எண் என்றால், அன்று தொட்டுப் பார்த்த கனெக்டரில் இன்னும் ஏதோ இருக்கிறது. வேறு எண் என்றால் இது வேறு கதை. மேல்வீட்டுக்காரரிடம் அப்படி ஒரு சீட்டு இருந்திருந்தால், இரண்டாவது முறை விளக்கு வந்த அன்றே கிளாக் ஸ்பிரிங்கை மாற்றியிருப்பார்.